பாட்டுக்காரியின் பாரம்

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளைப் பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வேலை செய்யும்போது உதட்டுக்குள்ளேயே ஏதாவது ஒரு கீர்த்தனை ஓடிக்கொண்டிருக்கும். மிஷின் இரைச்சலில் ராகம் மட்டும்தான் வெளியே வரும், வார்த்தை வராது. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. விலைவாசி, மாமியார், எந்தக் கறைக்கு எந்தப் பவுடர் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுகிறவள், தன் ஆண்டவர் இயேசுவைப் பற்றிச் சபைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பேசலாம் என்று நினைத்தாலே நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் வேலை விரிப்பு மடிப்பது. இரட்டைக் கட்டில் விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. இந்தப் பக்கம் இரண்டு மூலையை ஒருத்தி பிடிக்க, அந்தப் பக்கம் இரண்டு மூலையை இன்னொருத்தி பிடித்து, இழுத்து, உதறி, பாதியாக்கி, அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து கையில் கையாக மூலையைக் கொடுக்க வேண்டும். எத்தனை விரிப்போ அத்தனை தடவை முகத்துக்கு முகம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற இரண்டு பேர் இந்த வேலையைச் செய்யவே முடியாது. செய்தால் மூலை கோணிக்கொண்டு விரிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்ப் பக்கம் பிடிப்பவள் மூலையக்கா. பாட்டுக்காரியைவிடப் பத்து வயசாவது மூத்தவள். "மூலைக்கு மூலை வரணும்டி! படுக்கிறவன் கண்ணை மூடிட்டுப் படுப்பான், மேனேஜர் கண்ணைத் திறந்துட்டுல்ல பாப்பான்?" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறாள். காலையில் வந்ததும் தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கையுறையைத் தொடுவாள். மூன்றாவது ஆள் மிஷின் பாய். அந்தப் பெரிய மிஷின்களை ஓட்டுகிறவர். தொழுகை நேரத்துக்குத் தோதாகத் துணியைப் போட்டுவிட்டு, மிஷின் சுற்றி நிற்பதற்குள் தொழுதுவிட்டு வந்து நிற்கும் கெட்டிக்காரர். ஒரே கூரையின் கீழ் மூன்று பேர், மூன்று பிரார்த்தனை. மூன்றிலும் அடித்தது என்னவோ ஒரே சோப்பு வாசனைதான்.

கொஞ்ச நாளாக மூலையக்காவின் வலது தோள் மக்கர் செய்தது. மிஷினிலிருந்து எடுக்கிற ஈர விரிப்பு செம கனம் கனக்கும். அதைத் தள்ளுவண்டியில் போட்டு, பிறகு தூக்கி உருளை இஸ்திரி மிஷினில் கொடுக்க வேண்டும். பாட்டுக்காரி ஒன்றும் பேசாமல் அக்காவின் பங்கையும் சேர்த்துத் தானே தூக்க ஆரம்பித்தாள். அக்காவும் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஒருவரிடம் உதவி வாங்குவது அவளுக்குக் கசப்பு மாத்திரை, நாக்கில் படாமல் விழுங்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் காதுக்குப் போனால் வேலையே போய்விடும் என்ற பயமும் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போதகர் வினையைக் கிளப்பினார். "வருகிற ஞாயிற்றுக்கிழமை விசேஷக் கூட்டம். ஆளுக்கு ஓர் ஆத்துமாவையாவது அழைத்து வாருங்கள். நாம் பாரப்பட்டால்தான் ஆண்டவர் கிரியை செய்வார்" என்றார். சொல்லும்போது அவர் கண் தன்மேலேயே நின்றதாகப் பாட்டுக்காரிக்குத் தோன்றியது. உண்மையில் அவர் அவளுக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஆத்துமா என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது மூலையக்காதான். இது இன்றைக்கு வந்த நினைப்பும் இல்லை. வேலை முடிந்து அக்கா பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத வீட்டுக்குத் தனியாக நடந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு மனசு கேட்காது. காலையில் முழங்காலில் நிற்கும்போது முதலில் வருவது அந்த அக்காவின் பெயர்தான். அன்று ராத்திரி கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். பஸ் ஓட்டிக் களைத்துப் படுத்திருந்த அவள் புருஷன் ஒரு கண்ணைத் திறந்து, "யார்கிட்ட சண்டை போடப் போறே?" என்றான்.

"சண்டை இல்ல. ஒருத்தருக்கு நல்ல விஷயம் சொல்லப் போறேன்."

"அப்ப மூஞ்சியைக் கொஞ்சம் நல்லா வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை, மிஷின் பாய் அந்தப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தபடியே பாட்டுக்காரி வாயைத் திறந்தாள். கூடவே ஒரு மிஷின் கடகடவென்று பிழிய ஆரம்பித்தது. நிறுத்தினால் இன்னொரு தடவை தைரியம் வராது என்று குரலை உயர்த்தினாள்.

"அக்கா, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க விஷயத்துல எனக்குப் பெரிய பாரமா இருக்குக்கா."

சபையில் இதைவிட அன்பான வார்த்தை கிடையாது. ஒருவர்மேல் பாரம் என்றால், அவரை நினைத்து மனசு கனத்து ஜெபிக்கிறோம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து சபைத் தமிழிலேயே வளர்ந்த பாட்டுக்காரிக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதே அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை.

மூலையக்காவின் கை அப்படியே நின்றது. "பாரமாவா இருக்கு?"

அக்கா கேட்கிற தொனி பிடிபடாமல், பாட்டுக்காரி ஆர்வத்தோடு தலையை ஆட்டினாள். "ஆமாக்கா! தாங்க முடியலை. தினமும் காலைல முழங்கால் போட்டு, உங்களை நெனச்சு அழுதுடறேன். ஆண்டவரே, இந்த அக்காவுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு."

"அழற அளவுக்கா?"

"அழற அளவுக்குக்கா."

அக்கா நடந்துவந்து தன் மூலைகளை இவள் கையில் வைத்தாள். அத்தனை நாளில் முதல் தடவையாக மூலைக்கு மூலை சேரவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் காலையில் பாட்டுக்காரி வந்தபோது மூலையக்கா அங்கே இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டுத் துண்டு மடிக்கிற அறைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். துண்டைத் தனி ஆளே மடிக்கலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பாட்டுக்காரிக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்து, ஒரே ஒரு நாள் திறந்தாள், சிநேகிதி போய்விட்டாள். இயேசு என்ற பெயரைக்கூட இன்னும் சொல்லவில்லை, ஆண்டவரே என்றதற்கே இந்தக் கோபம்! விசுவாசத்துக்காக யாராவது வெறுத்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள். அவளும் சந்தோஷப்பட்டுப் பார்த்தாள். வரவில்லை, அழுகைதான் வந்தது.

அக்கா இடத்தில் மிஷின் பாய் வந்து மடிக்க நின்றார். பாவம், மனுஷர் மிஷினில் புலி, மடிப்பில் பூஜ்யம். இவள் வலது பக்கம் மடித்தால் அவர் இடது பக்கம் மடிப்பார். விரிப்பு திருகிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். "இதுக்கு என்னை இழுத்துப் போட்டு அடிச்சிருக்கலாம்" என்று அவர் முனகினார்.

புதன்கிழமை பாட்டுக்காரி மனசைத் திடப்படுத்திக்கொண்டு துண்டு அறைக்குப் போனாள். வெள்ளைத் துண்டுக் குவியலுக்கு நடுவே மூலையக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் அதைச் சொன்னது தப்புதான். வேலை செய்யற இடத்துல பேசியிருக்கக் கூடாது."

"வேற எடத்துல பேசலாமோ?"

"இல்லக்கா. இனிமே வாயைத் திறக்க மாட்டேன். மனசுக்குள்ளயே வெச்சுக்கறேன்."

மூலையக்கா கையில் இருந்த துண்டைப் பொத்தென்று போட்டாள். "ஓஹோ! வெளிய சொல்ல மாட்டே, மனசுக்குள்ள மட்டும் பாரம்னு நெனச்சுட்டே இருப்பே. ரொம்ப நல்ல மனசுடி உனக்கு. போடி, போய் வேலையைப் பாரு."

பாட்டுக்காரி போன மாதிரியே திரும்பி வந்தாள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தது மட்டும் தெரிந்தது, எந்த எண்ணெய் என்றுதான் தெரியவில்லை. இனிமேல் இந்தச் சலவைக்கூடத்தில் உதடு அசைந்து பாடக்கூட மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டாள். சிநேகிதியா ஆண்டவரா என்று யாரோ தராசில் வைத்துக் கேட்பது மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்தால் ஒன்று போய்விடும் என்ற பயத்தில் அவளுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிஷின் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. விரிப்பை அப்படியே மேஜைமேல் சுருட்டிப் போட்டுவிட்டு, "ஏம்மா பாட்டு, நான் ஒண்ணு கேக்கலாமா? அந்தம்மா தோளு வலிக்குதுன்னா அது அவங்க குத்தமா?" என்றார்.

"நான் எங்க பாய் தோளைப் பத்திப் பேசினேன்?"

"பேசலையா? அந்தம்மா வந்து எங்கிட்ட அழுதுட்டுல்ல போனாங்க. 'ரெண்டு விரிப்பைத் தூக்கினதுக்கு என்னைப் பாரம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா பாய், காலங்காத்தால சாமிகிட்ட வேற கோள் சொல்றாளாம், எனக்கு ஒரு வழி பண்ணச் சொல்லி'ன்னு."

பாட்டுக்காரி அன்று பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பாரம். ஒரு வழி பண்ணுங்க. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வேறு முகத்தோடு வந்து அவள் முன்னால் நின்றது. "ஐயோ பாய்! நான் அவங்க ஆத்துமாவைப் பத்தியில்ல சொன்னேன்! பாரம்னா... பாரம்னா பிரியம் பாய்!"

பாய் நெற்றியைச் சுருக்கினார். "எந்த ஊர்லம்மா பாரம்னா பிரியம்?"

"எங்க சர்ச்சுல."

பாய் சிரித்த சிரிப்பில் டிரையர் சத்தமே அமுங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பள்ளிவாசல்லயும் எங்களுக்குள்ள பேசிக்கிற வார்த்தை ஒரு மூட்டை இருக்கும்மா. அதை நான் உங்ககிட்ட பேசறேனா? ஓடு, ஓடிப் போய்ச் சொல்லு. இன்னொரு விரிப்பு என்னால ஆகாது" என்றார்.

ஓடினாள். துண்டு அறைக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். மூலையக்கா முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள். 'பாரம்னா பிரியம்' என்ற இடம் வந்ததும் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சரி. அன்னிக்கு என்னதான்டி சொல்ல வந்தே? இப்ப சொல்லு" என்றாள்.

இதைப் பாட்டுக்காரி எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆண்டவருடைய இரட்சிப்பு..."

"அப்படின்னா?"

"வந்து... பாவத்தின் பிடியிலேர்ந்து விடுதலையாகி, நித்திய ஜீவனை..."

"இரு இரு. எங்கிட்ட பேசறியா, மைக்குல பேசறியா? விலைவாசி பேசற மாதிரி பேசுடி."

சபைத் தமிழ் முழுவதையும் பிடுங்கிக்கொண்டு நடுத்தெருவில் விட்டது மாதிரி இருந்தது பாட்டுக்காரிக்கு. கண்ணாடி முன் படித்த ஒரு வரியும் உதவிக்கு வரவில்லை. கீழே துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நடுவுல ஒரு வருஷம் வேலை இல்லாம போச்சுக்கா. அப்ப ராத்திரியெல்லாம் பயமா இருக்கும். யார்கிட்டயும் சொல்லலை. இயேசுகிட்ட சொன்னேன். சொன்னதும் வேலை கிடைச்சுடலை, ஆனா பயம் போச்சு. கூட ஒருத்தர் உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் இருக்கு. நீங்க சாயங்காலம் தனியா நடந்து போறப்ப, அந்த மாதிரி உங்க கூடவும் ஒருத்தர் வரணும்னு தோணும். அவ்வளவுதான்க்கா. அதுக்குத்தான் அழறது."

மூலையக்கா ஒரு துண்டை எடுத்து மெதுவாக மடித்தாள். "நான் தனியா போகலைடி. என் சாமி கூட வருது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன் சொல்றே?"

"நல்லதா ஒண்ணு கிடைச்சா உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்வேன்? போன மாசம் அந்தத் தோள் தைலம் நல்லா கேக்குதுன்னு கொண்டுவந்து குடுத்தேன்ல?"

"அடிப்பாவி, உன் ஆண்டவரையும் தைலத்தையும் ஒண்ணா சேத்துட்டியே! உங்க போதகர் கேட்டா தோலை உரிச்சுடுவாரு."

பாட்டுக்காரிக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு உண்மையையும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிவரச் சொன்னதைச் சொன்னாள்.

"ஓ, அப்ப நான் உங்க சர்ச்சுக்குக் கணக்குக் காட்டற ஆளா?"

"இல்லக்கா. கணக்குக்கு வேற ஆள் கிடைப்பாங்க. எதிர்ப் பக்கம் மூலை பிடிக்க எனக்கு வேற ஆள் கிடைக்க மாட்டாங்க. நீங்க வரவே வேண்டாம். விரிப்புக்குத் திரும்பி வந்தா போதும்."

மூலையக்கா எழுந்து கையுறையைத் தட்டினாள். "விரிப்புக்கு இப்பவே வரேன், அந்தப் பாய் எல்லாத்தையும் கயிறாத் திரிச்சு வெச்சிருப்பாரு. ஞாயித்துக்கிழமையும் வரேன். இவ்வளவு அழற எடம் எப்படித்தான் இருக்கும்னு பாத்துடலாம். ஆனா ஒண்ணு, நான் மாற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்றாள் பாட்டுக்காரி.

ஞாயிற்றுக்கிழமை மூலையக்கா சொன்னபடி வந்தாள். மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீளக் கூடம்தான் சபை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், சுவரோரம் கீபோர்டு. வந்ததும் வராததுமாக நாற்காலி வரிசை கோணலாக இருக்கிறது என்று இரண்டை நகர்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பாட்டுக்கெல்லாம் தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த பாட்டுக்காரி வாயைத் திறந்து வார்த்தையோடு பாடுவதை முதல் தடவையாகக் கேட்டு, "இதுதானா அது? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பாட்டு முடிந்ததும் போதகர் மைக்கைப் பிடித்தார். "இப்பொழுது சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம்."

ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வதற்குச் சபையில் சாட்சி என்று பெயர். வழக்கம்போல யாரும் அசையவில்லை. பாட்டுக்காரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அவளுக்கு எப்போதுமே இந்த நிமிஷம் சீக்கிரம் போய்விட வேண்டும்.

"சாட்சி கேக்கறாரே, ஏண்டி யாரும் போக மாட்டேங்கறாங்க?" என்று கிசுகிசுத்தாள் மூலையக்கா. "என் தங்கச்சி ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு நான்தான் சாட்சி. இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? என்ன சொல்லணும்?"

"கண்ணால பார்த்ததை, அனுபவிச்சதை... அக்கா, உக்காருங்க, அது வந்து..."

அதற்குள் மூலையக்கா பாதி வழி போய்விட்டாள். போதகர் அவள் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார், பாட்டுக்காரியைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் மைக்கைக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கோயிலுக்குப் போறவ. நாளைக்கும் போவேன். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் மறைச்சுட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க." கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மூலையக்கா அது அடங்கும்வரை காத்திருந்தாள். "அதோ அங்க தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்காளே, அவ என் கூட லாண்டரியில வேலை பாக்கறா. எனக்குத் தோள் போனதுலேர்ந்து ஈர விரிப்பெல்லாம் அவதான் தூக்கறா. என் பங்கையும் சேத்து. ஒரு நாள் சொல்லிக் காட்டினதில்ல. மேல சொல்லியிருந்தா என் சோத்துல மண்ணு, சொன்னதில்ல. இவளுக்கு எங்கேர்ந்துடா இந்தக் குணம் வந்துச்சுன்னு நானே யோசிச்சிருக்கேன். இந்த வாரம்தான் வாயைத் திறந்து சொன்னா, இயேசுன்னு. இவளை இப்படி ஆக்கினவரு நல்லவராத்தான் இருக்கணும். பொய் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, நான் உங்க ஆளும் இல்ல. கண்ணால பார்த்தேன். அதுக்கு நான் சாட்சி."

யாரோ பின்னாலிருந்து ஆமென் என்றார்கள். பிறகு கூடம் முழுவதும் ஆமென் என்றது. பாட்டுக்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கெல்லாம் நனைந்தது. அத்தனை வருஷம் தான் ஊமையாக இருந்துவிட்டோம் என்று குறுகிப்போயிருந்தாளே, அந்தக் குறுகல் எங்கே போனது என்று தெரியவில்லை. சிநேகிதியா ஆண்டவரா என்று கேட்ட தராசையும் காணோம். இவ்வளவு சந்தோஷம் அவளுக்குத் தன் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

முன்வரிசை அம்மா ஒருத்தர் திரும்பி, "இவங்க இன்னும் ஞானஸ்நானமே எடுக்கலையே, எப்படிச் சாட்சி சொல்லலாம்?" என்று கவலையோடு கேட்டார்.

"பார்த்ததைத்தானேம்மா சொன்னாங்க" என்றாள் பாட்டுக்காரி. குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

போதகர் மைக்குக்காகக் கை நீட்டினார். மூலையக்கா கொடுக்கவில்லை. மேடையில் இருந்த மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தாள், போதகரின் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"சொல்லியாச்சு ஐயா" என்றாள். "கையெழுத்து எங்க போடணும்?"